முதுகு காட்டி ஆடுகிறவள்

மே 6, திங்கள்

இந்த டைரி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சர்க்கரை வியாதிக்கு ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை இல்லை.

தமிழில் எழுதுகிறேன். என் மகள் லோகிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் கோயில் ஐயரும் நானும்தான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தையல் ஆலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அரிச்சுவடியை மடியில் வைத்துக்கொண்டு நானே கற்றேன். கூத்தும் அப்படித்தான். பார்த்துக் கற்றேன். குரு இல்லை, அரங்கேற்றம் இல்லை. டர்பனில் இருக்கும் நாட்டிய டீச்சர்கள் அதற்காகவே என்னை எந்த விழாவுக்கும் கூப்பிட்டதில்லை. முப்பது வருடமாகக் கூப்பிட்டதில்லை.

ஜூன் 22 அன்று நகரத்துப் பெரிய அரங்கில் ஆடப்போகிறேன். அறுபத்தெட்டு வயதில். அதுவரை யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். அதற்குத்தான் இந்த டைரி.

மே 8, புதன்

ஓட்டுப் போட்டேன். இரண்டு மணி நேரம் வரிசை. சரிவான இடத்தில் நிற்க வைத்தார்கள். வலது இடுப்பில் பிடித்துக்கொண்டது. சமமான தரை இந்த ஊரில் இல்லையா என்ன.

மதியம் பீன்ஸ் கறி. லோகி உப்பு அதிகம் என்றாள். அவள் நர்ஸ். உலகத்தில் எல்லாவற்றிலும் அவளுக்கு உப்பு அதிகம்.

மே 11, சனி

ஒத்திகை. தோபெக்காவைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

தோபெக்கா ம்கிஸே. நாற்பத்தொரு வயது. உம்லாசிக்காரி. எங்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் அவர்கள் உம்லாசிக்கும் நடுவில் ஓர் ஆறும் ஒரு மேடும்தான் இருக்கின்றன. இந்தியர்களுக்கு இங்கே, கறுப்பர்களுக்கு அங்கே என்று வெள்ளைக்காரன் போட்ட கோடு அழிந்த பிறகும் அதைத் தாண்ட எனக்கு அறுபத்தாறு வயது ஆயிற்று. ஒரு கல்யாண மண்டபத்தில் நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் டாக்ஸி பிடித்து வீட்டுக்கே வந்தாள். தன் குலத்தின் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டே இந்தக் காலத்து நடனம் ஆடுகிறவள். வீட்டுச் சடங்கில் பாட வேண்டியதை மேடையில் பாடுகிறாளே என்று அவள் மாமன்மார் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. அதைச் சொன்னபோதுதான் அவளுக்குத் தேநீர் போட்டேன்.

முதல் நாள் என்னை "கோகோ" என்றாள். சூலுவில் பாட்டி என்று அர்த்தம். அதை அங்கேயே வெட்டினேன். இப்போது "மா" என்கிறாள். எனக்கு அவள்மேல் திருப்தியாக இருந்தால் அவள் குலப்பெயரைச் சொல்லி "கபசேலா" என்பேன். கோபம் வந்தால் வெறும் ம்கிஸே.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். அவளோடு நான்கு ஆட்டக்காரர்கள். அவர்கள் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணித்தான் அசைவார்கள். நான் எண்ண மாட்டேன். பாட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே கால் வைப்பேன். நடுவில் என் பங்கு திரௌபதி. சபையில் நின்று கேள்வி கேட்கும் கட்டம். அதில் ஒரு சுற்று உண்டு. வலது காலை ஊன்றி அரைச்சுற்று சுற்றி, முதுகைச் சபைக்குக் காட்டி நின்று, இரண்டு அடி பாடிவிட்டு, மறுபடி அரைச்சுற்றில் முன்னால் வர வேண்டும். இன்று சுற்றில் கொஞ்சம் தடுமாறினேன். தரைக்கு மெழுகு போட்டிருக்கிறார்கள்.

மே 14, செவ்வாய்

ம்கிஸே எனக்குச் சொல்லாமல் மிருதங்கத்துக்கு ஆள் பிடித்திருக்கிறாள். யாரை என்றால், வீராசாமியை.

வீராசாமிக்கு எழுபத்துநான்கு. என் அப்பா பச்சையப்ப வாத்தியார் நடத்திய கூத்து ஜமாவில் பதினைந்து வயதில் தாளம் தட்ட வந்தவன். அப்புறம் மிருதங்கம் பழகினான். எண்பத்தெட்டாம் வருடம் ஒரு மண்டபத்தில் நான் முதல் தடவை மேடையேறியபோது முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன். நான் முதுகைக் காட்டி நின்று பாடும் அந்த இரண்டு அடி இதுதான்:

பத்துப்பேர் பார்த்திருக்கப் பதிலொன்றும் இல்லையோ
பாவிநான் கேட்கின்றேன் முகம்பார்த்துச் சொல்லுமே.

"முகம் பார்த்துச் சொல்லுன்னு பாடிக்கிட்டு முதுகைக் காட்டுறாளே" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அன்றிலிருந்து எனக்கு முதுகாட்டக்காரி என்று பேர். கடைத்தெருவில்கூடச் சொல்வார்கள்.

முப்பத்தொரு வருடமாக அவனோடு பேச்சில்லை. இன்றும் பேசவில்லை. அவன் வாசித்தான், நான் ஆடினேன். நன்றாகத்தான் வாசிக்கிறான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மே 15, புதன்

தூக்கம் சரியில்லை. சாட்சி என்று ஆரம்பித்துவிட்டு ஒன்றை மறைப்பது தப்பு. எழுதிவிடுகிறேன்.

நான் கூத்தைப் பார்த்துக் கற்றேன் என்பது உண்மை. எங்கிருந்து பார்த்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மவுண்ட் எட்ஜ்கோம் சர்க்கரை ஆலைக் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் இருந்தோம். ஒன்பது வயதில் ஒரு கூத்தின்போது, பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து கூடவே ஆடிவிட்டேன். ஜமாவில் ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டுவார்கள். ஒரு பொட்டைப்பிள்ளை ஆடுவது அவர்களுக்கு அசிங்கம். மறுநாள் பெரியவர்கள் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். இனிமேல் கூத்து நடக்கும் பக்கமே வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரக்கூடாது என்றால் வராமல் இருப்பேனா? ஆட்டக்களத்துக்குப் பின்னால் கோவேறு கழுதைக் கொட்டில். நடுவில் சர்க்கரைச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கொட்டிலுக்குள் நுழைந்து சாக்கில் ஓர் ஓட்டை போட்டேன். பதினான்கு வயது வரை, ஐந்து வருடம், எல்லாக் கூத்தையும் அங்கிருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் முதுகுப் பக்கமிருந்து. முன்னால் கை நெஞ்சில் என்ன செய்கிறது, கண் என்ன செய்கிறது, ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் நானே கட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த இரண்டு அடி நான் கட்டியதில்லை. அப்பாதான் திரௌபதி வேஷம். அந்த இடத்தில் அவர் திரும்புவார். அந்த ஒரே இடத்தில் அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, ஐந்து வருடம். புருவம் எப்படி ஏறும், கீழ் உதடு எப்படி நடுங்கும், எல்லாம் தெரியும். அவர் திரும்பினார், நானும் திரும்புகிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வீராசாமி தாளத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?

மே 19, ஞாயிறு

மின்சாரக் கெட்டில் கெட்டுப்போயிற்று. ஏப்ரல் மழையில் சரிந்த பின்சுவரைக் கட்ட இன்னும் யாரும் வரவில்லை. ஹடேடாப் பறவைகள் அந்த இடிபாட்டில் நின்று காலையிலிருந்து கத்துகின்றன.

குளியலறையில் தொட்டியைத் தாண்டும்போது கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். லோகி கதவைத் தட்டினாள். பாட்டு மனப்பாடம் செய்கிறேன் என்றேன்.

மே 22, புதன்

லோகி தன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைத்தாள். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். மாற்ற வேண்டுமாம். படம் எடுத்தவன் சின்னப்பையன், என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தான். சாய்ந்த படத்தில் எல்லா எலும்பும் அப்படித்தான் தெரியும்.

ஆட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அந்தச் சுற்றில் விழுந்தால் நேராக ஆபரேஷன் மேசைதான் என்றார் டாக்டர். லோகி வண்டியில் வரும்போது கியரைச் சத்தமாகப் போட்டாள்.

மே 23, வியாழன்

லோகி ம்கிஸேக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் வீட்டிலேயே ஒற்றர்.

ஒத்திகையில் ம்கிஸே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மிகவும் மரியாதையாகப் பேசினாள். அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில், சுற்று வேண்டாம், கட்டம் தொடங்கும்போதே முதுகைக் காட்டி நின்றுவிடுங்கள் என்றாள். என் முதுகில் இருப்பது வேறு யார் முகத்திலும் இல்லை என்றாள். நான் ஒப்பவில்லை. திரும்பி நிற்கிறவள் வேறு, திரும்புகிறவள் வேறு. அவளுக்கு அது தெரியாதா?

பிறகு இரண்டாவதைச் சொன்னாள். நான் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாட, அயாண்டா ஆடட்டுமாம். அயாண்டா அவளுடைய நான்கு பேரில் ஒருவன். செய்து காட்டச் சொன்னாள். செய்தான். இரண்டு வாரம் பார்த்தே கற்றிருக்கிறான். கால் சரியாக விழுந்தது. தப்பாக விழுந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சலங்கையைப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி நிறுத்தத்துக்கு நடந்தேன். அப்பா வரக்கூடாது என்றார், டீச்சர்கள் கூப்பிடவில்லை, இப்போது இவளும் உட்கார் என்கிறாள். நாற்காலியை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மே 24, வெள்ளி

போகவில்லை.

மே 27, திங்கள்

போகவில்லை. ம்கிஸே ஏழு தடவை ஃபோன் செய்தாள். அயாண்டாவை வைத்து ஆடுவதானால் ஆடிக்கொள், என் பாட்டை மட்டும் தொடாதே என்று லோகியைச் சொல்லச் சொன்னேன். லோகி அதை எப்படிச் சொன்னாளோ, தெரியவில்லை. ரொம்ப நேரம் பேசினார்கள். நடுவில் இருவரும் சிரித்த மாதிரி இருந்தது.

மே 30, வியாழன்

ஊறுகாய் போட்டேன், மூன்று பாட்டில். கைப்பிடிக்கு ஒரு கம்பு வைத்துக்கொள்ளலாமே என்றாள் லோகி. எதற்கு, நாயை விரட்டவா என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

வீராசாமி வீட்டுக்கு வந்தான். கையில் வாழைப்பழம் ஒரு சீப்பு, ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி. லோகி உள்ளே விட்டுவிட்டாள். பேச்சைத் தமிழிலேயே தொடங்கினான். அவன் தமிழ் பாதி இங்கிலீஷ். நான் திருத்தவில்லை.

மிருதங்கத்துக்கு அந்தக் கட்டம் இல்லாமல் நடுவில் பெரிய பள்ளம் விழுகிறது என்றான். அந்தப் பையன் ஆடினால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தனக்கு வாசிக்க வரவில்லை என்றான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சல, அன்னிக்கு மண்டபத்தில நான் சிரிச்சது தப்புதான்" என்றான். "நீ அதை ஸ்டெப்புனு நினைச்சு ஆடுறேன்னு இந்த ஒத்திகையிலதான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சுதான் வேணும்னே செய்யறேன்னு நினைச்சேன்."

என்ன தெரிந்து, என்று கேட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

கூத்தில் அந்த இடத்தில் திருப்பமே கிடையாது என்றான். திரௌபதி சபையைப் பார்த்துத்தான் கேட்பாள், அதுதானே பாட்டு. வாத்தியாரும் முதலில் அப்படித்தான் ஆடினார். திடீரென்று ஒரு கூத்தில் திரும்பி நின்று சாக்கைப் பார்த்துப் பாடினார். அடி மறந்துவிட்டதோ, குடித்திருக்கிறாரோ என்று ஜமாவே பயந்துபோயிற்று. அடுத்த கூத்திலும் அப்படியே. லயத்துப் பெரியவர்கள் கேட்டதற்கு, இது புது முறை என்று சொல்லிவிட்டார்.

"பின்னாடி கொட்டில்ல நீ இருந்தேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், அஞ்சல. கழுதை கத்தாம இருந்தா நீ உள்ள இருக்கேன்னு அர்த்தம். உனக்கு அதுங்க பழகிப்போச்சு. வாத்தியார் என்னைத் தனியா கூப்பிட்டு, சாக்குப் பக்கம் ஒரு லைட் வைடா, என் மூஞ்சி தெரியணும்னு சொன்னாரு. ஒவ்வொரு கூத்துக்கும் நான்தான் வெச்சேன்."

அந்த விளக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆண்கள் ஒதுங்கப் போக வைத்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது, தெரிந்தால் பொட்டைப்பிள்ளைக்குக் கூத்து காட்டுகிறான் என்று ஜமாவைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று அப்பா எல்லோரிடமும் வாக்கு வாங்கினாராம். உன்னிடம் அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம் என்றான்.

அப்பா என்னிடம் எதுவும் சொன்னதில்லை. எழுபத்தொன்றாம் வருடம் அவர் செத்துப்போகும்வரை கூத்து என்ற வார்த்தையே எங்களுக்குள் வந்ததில்லை.

வீராசாமிக்குத் தேநீர் கொடுக்க மறந்துவிட்டேன். போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 3, திங்கள்

வீராசாமி பொய் சொல்கிறான்.

ஜூன் 4, செவ்வாய்

அலமாரித் துணிகளை எல்லாம் எடுத்து மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

எதற்காகப் பொய் சொல்ல வேண்டும் அவன்?

ஜூன் 5, புதன்

காலையில் லோகி வேலைக்குப் போனதும் வீராசாமிக்கு ஃபோன் செய்தேன். ஒன்று மட்டும் கேட்டேன். எனக்குப் பதினான்கு வயதில் கல்யாணப் பேச்சு வந்து, என்னைப் பினிக்ஸ் பக்கம் அத்தை வீட்டில் கொண்டு விட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த கூத்துகளில் அப்பா அந்த இடத்தில் என்ன செய்தார்?

முன்னால் பார்த்தே பாடினார் என்றான். லைட் வைக்கட்டுமா என்று இவன் கேட்டதற்கு, வேண்டாம்டா என்றாராம்.

சரி அண்ணே, என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாள் முழுவதும் வேலை ஓடவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தில்தான் நான் ஆடினேன். தையல் ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சமையலறையில் நாற்காலிகளை நகர்த்திவிட்டு ஆடினேன். அந்தக் கோபத்தை இப்போது எங்கே வைப்பது? சொல்லியிருக்கலாம் அல்லவா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். இன்னும் எனக்கு அவர்மேல் வருத்தம் தீரவில்லை. இது வேறு வருத்தம்.

சாயங்காலம் சமையலறையில் அந்த இடத்தைச் செய்துபார்த்தேன். சுற்றவில்லை. பின்னால் யாரோ இருக்கிறார்கள், பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கால் தானாக மூன்று சின்ன அடி வைத்தது. இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி

ஒத்திகைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அயாண்டா ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டான். பையன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தோபெக்காவிடம் சொன்னேன்: திருப்பம் இருக்கும், சுற்று இருக்காது. யாரையோ பார்க்கத் திரும்புவதற்குச் சுற்ற வேண்டியதில்லை. ஆனால் எத்தனை எண்ணிக்கையில் திரும்புவேன் என்று கேட்கக்கூடாது. எட்டோ, பதினாறோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை உன் பாட்டை நீ பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், உன் ஆட்களும் நிற்க வேண்டும்.

அவள் தன் ஆட்டக்காரர்களைப் பார்த்தாள். எண்ணாமல் நிற்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வீராசாமி அண்ணன் மிருதங்கத்தின் தோலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கத் திரும்புறீங்க, மா?" என்று கேட்டாள் தோபெக்கா.

அவளிடம் கொட்டிலைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாருக்கும் சொல்லாததை இங்கிலீஷில் சொன்னேன், எல்லோர் முன்னாலும். சொல்லி முடித்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் மாமன்மாரைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர்களில் ஒருவர் போன வருடம் அவள் ஆட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டு, விளக்குப் போடுமுன் எழுந்து போய்விட்டாராம். வாசல்காரன் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். நான் அவருக்கு ஃபோன் செய் என்றேன். மாட்டேன் என்றாள். என்னைவிடப் பிடிவாதக்காரி.

பின்பக்கம் ஒரு விளக்கு வைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். விளக்கு அப்பாவுடைய வேலை.

ஜூன் 12, புதன்

ஒத்திகை. பதினோரு எண்ணிக்கை ஆயிற்று என்றான் அயாண்டா. மறைவாக எண்ணியிருக்கிறான். திட்டினேன்.

ஜூன் 17, திங்கள், விடுமுறை

லோகியோடு சண்டை. இருபத்திரண்டாம் தேதி ஆடுவதானால் தான் மேடைக்குப் பின்னால் நிற்பேன் என்கிறாள். கையில் மாத்திரையும், வெளியே சக்கர நாற்காலியும் வைத்துக்கொண்டு. முன்வரிசையில் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், மரியாதையாக உட்கார்ந்து பார் என்றேன். பார்க்க மாட்டேன், என்னால் அங்கே உட்கார முடியாது, நீங்கள் விழுந்தால் முன்வரிசையிலிருந்து ஓடிவர எத்தனை நொடி ஆகும் தெரியுமா என்றாள். அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் புருஷன் இறந்துபோன வருடம்.

பின்னால் நின்றுகொள் என்றேன். நாற்காலி மட்டும் என் கண்ணில் படக்கூடாது.

ஆகஸ்ட்டில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டேன். அவள் அழுததற்காக இல்லை. தொட்டியைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

புடவைக்கு இஸ்திரி போட்டேன். நாளை.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன். இடுப்பில் வெந்நீர்ப் பை. வலிக்கிறது என்று எழுதுவதில் இன்று எனக்கு வெட்கமில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. டீச்சர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். உம்லாசியிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள். அவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இல்லை. பாட்டு பிடித்துவிட்டால் எடுத்துப் பாடிவிடுவார்கள். தோபெக்கா தன் குலப் பாட்டைத் தொடங்கியதும் பின்வரிசைகளிலிருந்து ஆண்குரல்கள் கீழ்ச்சுருதியில் சேர்ந்துகொண்டன. அதில் மாமன் குரல் இருந்ததா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

என் கட்டம் வந்தது. முன்னால் ஆடிய வரைக்கும் எல்லாம் சரி. பிறகு அண்ணன் வாசிப்பைத் தணித்தார். தோபெக்கா ஒரே சுரத்தில் நின்றாள். நான் திரும்பத் தொடங்கினேன். ஒரு அடி. இரண்டாவது அடியில் இடுப்பு கத்தியது. அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணாதே என்று நானே சொன்னதால் யாரும் எண்ணவில்லை. நாலு பேரும் கல்லாக நின்றார்கள். மூன்றாவது அடியை வைத்தேன்.

எதிரே கறுப்புத் திரைகளுக்கு நடுவில் லோகி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் செருப்பு, ஒரு கையில் மாத்திரை டப்பா, ஒரு கையில் கைபேசி. ஓடிவரத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்திருந்தாள்.

அவளைப் பார்த்துப் பாடினேன். பத்துப்பேர் பார்த்திருக்கப் பதிலொன்றும் இல்லையோ. புருவம் தானாக ஏறியது. உதடு நான் சொல்லாமலே நடுங்கியது. அது வலியாகவும் இருக்கலாம். லோகி கையைக் கீழே விட்டாள். முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். அவளுக்கு அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு அடியையும் அவளுக்கே பாடினேன். பிறகு ஒரு தடவை கூடப் பாடினேன். ஒத்திகையில் இல்லாதது. அண்ணன் அதற்கும் வாசித்தார்.

பிறகு முன்னால் திரும்பி, மீதியை முடித்தேன். விழவில்லை.

கைதட்டலைப் பற்றி எழுத வேண்டாம். தட்டினார்கள். கபசேலா என் கையை விடவே இல்லை.

லோகிதான் வண்டியை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது இங்கிலீஷில் சொன்னாள்:

"சின்னப்பிள்ளையிலிருந்து உங்க ஆட்டத்துக்கு என்னை முன்வரிசையிலதான் உட்கார வைப்பீங்க, மா. முப்பது வருஷம். அந்த இடம் வரும்போதெல்லாம் நீங்க என்கிட்டேருந்து திரும்பிக்கறீங்கன்னுதான் நினைச்சேன்."

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவள் வண்டியை எடுக்கவில்லை.

கொட்டிலைப் பற்றி, அப்பாவைப் பற்றி, எல்லாவற்றையும் வீட்டுக்கு வருமுன் சொல்லி முடித்தேன். அவள் இரண்டு தடவை வழி தவறினாள்.

ஜூலை 4, வியாழன்

ஆபரேஷன் ஆகஸ்ட் பதிமூன்று. ஆறு வாரத்தில் கம்பில்லாமல் நடக்கலாமாம்.

கபசேலா ஃபோன் செய்தாள். ஜோஹானஸ்பர்க்கில் நவம்பரில் மூன்று நாள் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் என்னால் முடியுமா, அந்தத் திருப்பம் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் லோகி ஃபோனைப் பிடுங்கி, முடியும், திருப்பம் இருக்கும், பின்னால் நிற்கத் தன் பெயரையும் ஆட்கள் பட்டியலில் எழுதிக்கொள் என்றாள்.

அவளிடம் யார் கேட்டார்கள்? முப்பது வருடமாக இந்த வீட்டில் கூத்து என்றாலே தலைவலி என்றவள்.

வரட்டும். ஆனால் அங்கே நிற்கிறவள் கைபேசியை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.